'அல்லது'வும் 'உம்'மும்

கூட்டுக் கணக்கு தொடங்க வருபவர்கள் பெயரில் பிழை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஐதர் ஆர் சர்வைவரா, ஜாயிண்ட்லியா என்று பார்ப்பதில்லை. ஒருவர் கையெழுத்து போதுமா, இருவருமா என்பது அந்த 'அல்லது', 'உம்' விவகாரம்தானுங்க.

இந்தச் சொற்களுக்கு மட்டும் என்ன தனித்தன்மை? 1966-இல் ஆல்ஃபிரட் டார்ஸ்கி ஒரு சோதனை சொன்னார். உலகத்துப் பொருட்களையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி இடம் மாற்றிக் கலைத்துப் போடுங்கள். அப்போதும் அர்த்தம் அசையாவிட்டால் அது தர்க்கச் சொல். 'தீவு' தேறாது, 'எல்லாம்', 'சமம்' தேறும். (2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது வெறும் பெயர் மாற்றம், இதில் சேராது!)

எனக்கு முழு உடன்பாடில்லை. 'ஐந்து பேர்' என்ற எண்ணிக்கையும் இதில் பாஸாகிவிடுகிறது. என்னைக் கேட்டால் அது கணக்கு, தர்க்கமல்ல. தவிர, 'உம்'முக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் சொல்கிறார். 'சின்னக் குழந்தைக்கும் தெரியும்' என்ற சிறப்பு உம்மையை எதில் சேர்ப்பது?

1930களில் கெர்ஹார்ட் கென்ட்ஸன் போட்ட பாதையே எனக்குப் பிடிக்கிறது: சொல்லை விடுங்கள், அதை வைத்து எதிலிருந்து எதை முடிவு செய்யலாம் என்ற விதியைப் பாருங்கள். 'கணவனும் மனைவியும் கையெழுத்திட வேண்டும்' என்றால் மனைவி கையெழுத்து கட்டாயம். குழந்தைக்கும் தெரியும் என்றால், வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று ஊகிக்கத்தான் முடியும்.