தீயணைப்பு வண்டி எங்கே நிற்க வேண்டும்? பாலக்கோடு கிராமங்களின் 20 நிமிட கணக்கு

பாலக்கோடு,

ஓலைக்கூரையில் தீப்பிடித்தால் அது இடிந்து விழ சில நிமிடங்களே போதும். கட்டிப்போட்ட மாடு, பெட்டியில் வைத்த பணம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அதற்குள் போய்விடும். அதனால்தான் பாலக்கோடு சுற்றுவட்டார கிராமங்களுக்கு, தீயணைப்பு வண்டி எங்கே நிற்கிறது என்பது உயிர் பிரச்சினை.

நகரங்களில் 5 முதல் 7 நிமிடம், கிராமங்களில் 20 நிமிடத்துக்குள் முதல் வண்டி போய்ச்சேர வேண்டும் என்பது தீயணைப்பு பணிக்கான மத்திய ஆலோசனைக்குழு வகுத்த அளவுகோல்.

12 கிலோ மீட்டர்தான்

இந்த 20 நிமிடத்தை பாலக்கோட்டில் வைத்து பார்ப்போம். 101-க்கு வந்த போனை எடுத்து, இடம் கேட்டு, வண்டி கிளம்ப 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 18 நிமிடம். தண்ணீர் நிரப்பிய வண்டி கிராமத்து ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் போனாலே பெரிய விஷயம். அப்படி போனால் எட்டும் தூரம் 12 கி.மீ.தான்.

பாலக்கோட்டில் கிளம்பும் வண்டிக்கு மாரண்டஅள்ளியே இந்த எல்லையைத் தாண்டி விடுகிறது. அதற்கும் அப்பால் சின்னாறு அணை இருக்கும் பஞ்சப்பள்ளி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.

வழியில் ரெயில்வே கேட் மூடியிருந்தால் அதில் சில நிமிடம் போச்சு. நான்கு வழிச்சாலையில் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் நடுவில் தடுப்பு இருந்தால், எதிர்ப்பக்க ஊருக்கு அடுத்த இடைவெளி வரை போய்த்தான் திரும்ப வேண்டும். மேப்பில் வட்டம் போட்டு இடம் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

அப்படியானால் ஊருக்கு ஊர் நிலையம் கட்டலாமா? அங்கேதான் சிக்கல். ஒரு பகுதியில் வண்டி போகும் சராசரி தூரத்தை பாதியாக்க வேண்டும் என்றால், நிலையங்கள் இரண்டு மடங்கு இருந்தால் போதாது, நான்கு மடங்கு வேண்டும். 1970-களில் நியூயார்க்கில் ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் கண்ட கணக்கு இது. அவ்வளவு பணத்துக்கு எந்த அரசும் எங்கே போகும்?

108 காட்டிய வழி

பதில் நம்மிடமே இருக்கிறது. 2008 செப்டம்பர் 15-ந்தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்சுக்கு தனி கட்டிடம் தேவைப்படவில்லை. போன் அதிகம் வரும் இடத்துக்கு பக்கத்தில் வண்டி நிற்கிறது. இடம் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

வைக்கோல் போரும் கரும்பு தோட்டமும் காய்ந்து கிடக்கும் கோடை 3 மாதத்துக்கு, தீயணைப்பு வண்டி ஒன்றை மாரண்டஅள்ளியை தாண்டி நிறுத்தி வைத்தால், பஞ்சப்பள்ளி பக்கத்து குக்கிராமங்களுக்கும் 20 நிமிட வாய்ப்பு கிடைக்கும். டிரைவரும் வீரர்களும் தங்க ஒரு கூடம், தண்ணீர் நிரப்ப ஒரு இடம் இருந்தால் போதும்.

போன் வராத ஊர்

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கே போன் அதிகம் வருகிறதோ அங்கேயே வண்டி என்று முடிவு செய்தால், தூரத்து ஊர்கள் கணக்கில் இருந்தே காணாமல் போகும். "வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், எதுக்கு போன் பண்ணணும்?" என்று குடத்தை தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் எந்த பதிவேட்டிலும் இல்லை. நியூயார்க்கிலும் ராண்ட் கணக்கை நம்பி ஏழைகள் வாழ்ந்த பிராங்ஸ் பகுதியில் நிலையங்களை மூடினார்கள். அதே காலத்தில் அங்கே கட்டிடம் கட்டிடமாக எரிந்தது. அந்த முடிவு இன்றைக்கும் விமர்சிக்கப்படுகிறது.

எனவே போன் பதிவோடு, வி.ஏ.ஓ.க்கள் எழுதும் தீ விபத்து நிவாரண பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரிந்த வீட்டுக்கு நிவாரணம் கேட்டவர் எந்த ஊர், போன் செய்தாரா, வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது? இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதினாலே வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்து விடும்.

அடுத்த கோடைக்கு முன்பாவது அதிகாரிகள் அந்த தாளை எடுப்பார்களா?