கோபுரம் பார்த்தாச்சு, சுவரைப் பார்த்தீங்களா?

வெளியூரிலிருந்து வந்த மாணவத் தோழர் ஒருவர், திருச்சியின் பழைய மாதா கோவில்களைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன்.

தெப்பக்குளம் அருகே லூர்து மாதா கோவில். பிரான்சு நாட்டு லூர்து ஆலயத்தின் சாயலில் 1890களில் எழுந்தது. பக்கத்திலேயே சேசு சபையாரின் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்தது. பாலக்கரையில் சகாய மாதா கோவில். மேலப்புதூரில் 1841இல் திறக்கப்பட்ட மரியன்னை பேராலயம். அண்ணாந்து பார்த்துப் பார்த்துத் தோழருக்குக் கழுத்தே வலித்துவிட்டது.

"அவ்வளவுதானே தோழர், டீ குடிக்கலாமா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று கத்தோலிக்கக் கல்லறையின் கதையைச் சொன்னேன். கல்லறைக்குக் குறுக்கே ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர் பிணம், மறுபக்கம் தலித் பிணம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற அந்தச் சுவர் 2010இல் உலகச் செய்தியானது. எந்தச் சுற்றுலாக் கையேடு இதைச் சொல்லும்?

இது நேற்று முளைத்ததல்ல. 17ஆம் நூற்றாண்டு மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரச் சாமியார் என்று ஏற்பாடே இருந்தது. சாதியைத் தொடாமல் சாமியை மட்டும் மாற்றினார்கள். மதம் மாறியும் தீண்டாமை போகவில்லை என்று தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் சைமன் குழுவிடமே முறையிட்டார்கள். அம்பேத்கர் அதை எடுத்தெழுதியிருக்கிறார்.

எனக்கு இது படிச்சுத் தெரிஞ்ச விசயமில்லே. எங்க ஊர்த் திருவிழாச் சப்பரம் எங்க தெருவுக்குள்ள வந்ததே கிடையாது. தெருமுனையில நின்னு மெழுகுவத்தி பிடிச்ச பிள்ளைகள்ல நானும் ஒருத்தன்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர் இன்னும் வெளியேதான். திருச்சபை தில்லியிடம் நியாயம் கேட்கிறது. கேட்கட்டும், நாமும் கூட நிற்போம். ஆனா "உங்க மதத்துலதான் சாதி இல்லையே" என்று தில்லி சொல்லும்போது, கல்லறைச் சுவரைச் சாட்சியாகக் காட்ட ஆயர்களுக்கு வாய் வருமா? காட்டினால் அது தங்கள் குற்றத்துக்கும் சாட்சியாகுமே!

மாணவத் தோழர்களே, கோவில்களைப் பாருங்கள். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களில் நம்ம பாட்டன் பாட்டிகளும் இருந்திருப்பார்கள். அந்த அழகில் நமக்கும் பங்குண்டு. பார்த்துவிட்டு அந்தந்தப் பங்கின் கல்லறைக்கும் போங்கள். யாரை எங்கே புதைக்கிறீர்கள் என்று சாமியாரிடம் நேரில் கேளுங்கள். பதிலை எழுதி வைத்து நமக்கு அனுப்புங்கள்.