ஐ.நா. வேலை: ஏஜென்ட்டுக்குத் தெரிஞ்சது நமக்கு ஏன் தெரியல?

நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. வீட்ல காலேஜ் படிக்கிறவங்க, ஹவுஸ் சர்ஜன், நர்சிங் முடிச்சவங்க யாராவது இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.

"உலக சுகாதார நிறுவனத்தில் வேலை, ஜெனீவா போஸ்டிங், பதிவுக் கட்டணம் 40,000 மட்டும்." இந்த ஒரு மாசத்துல மூணு பேர் இந்த மாதிரி மெசேஜை எனக்கு ஃபார்வர்ட் பண்ணி "டாக்டர், இது உண்மையா?"ன்னு கேட்டுட்டாங்க. மூணுமே பொய். ஒருத்தர் கேக்கறதுக்கு முன்னாடியே பாதிப் பணம் கட்டிட்டார். பொண்ணு நர்சிங் முடிச்சிருக்கு, நகையை அடகு வச்சுக் கட்டினது.

ஒரு விஷயத்தை முதல்ல மனசுல பதிய வச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனமோ, யுனிசெஃபோ, ஐ.நா.வின் வேற எந்த அமைப்போ, விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, விசா என்று எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் ஒரு ரூபாய் கூட வாங்குவதில்லை. இதை அவங்க இணையதளத்துலயே எழுதி வச்சிருக்காங்க. ஜிமெயில்ல இருந்து ஆஃபர் லெட்டர் வந்தா அது டுபாக்கூர். அவ்வளவுதான்.

ஆனா இந்த த்ரெட் ஏஜென்ட்டைத் திட்டறதுக்கு இல்லை. போலி டாக்டர் எந்த ஊர்ல கடை போடுவான்? நிஜ டாக்டர் இல்லாத ஊர்லதான். அதே கணக்குதான் இங்கேயும். இந்த வேலைகளைப் பத்தி நம்ம பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை, ஒரு மேசை இல்லை, தமிழ்ல ஒரு துண்டுப் பிரசுரம் கூட என் கண்ணுல பட்டதில்லை. அந்தக் காலி இடத்துலதான் அவன் உக்காந்திருக்கான். என் கோபம் அந்த இடத்தைக் காலியா விட்டவங்க மேல.

முதல்ல இது யார் சொத்து? ஐ.நா. சாசனத்தின் 101-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஊழியர்களை எடுக்கும்போது திறமையும் நேர்மையும்தான் முதல் அளவுகோல், கூடவே எவ்வளவு பரவலான நாடுகளில் இருந்து எடுக்க முடியுமோ எடுக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட சட்டத்திலும் இதே கருத்து இருக்கு. உறுப்பு நாடுகள் எல்லாம் வருஷா வருஷம் சந்தா கட்டுது. இந்தியாவும் கட்டுது. அதாவது நீங்க வாங்கற சோப்புல போற வரியில ஒரு துளி அங்கேயும் போகுது. அப்புறம் ஏன் அது யாரோ வெள்ளைக்காரன் ஆபீஸ் மாதிரி நாம பயப்படணும்?

தமிழனுக்கு அங்க தொடர்பு இல்லைன்னும் சொல்ல முடியாது. 1961-ல் உலக சுகாதார சபைக் கூட்டம் டெல்லியில் நடந்தபோது அதற்குத் தலைவராக இருந்தவர் நம்ம ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா கால் நூற்றாண்டுக்கு மேல இருந்தவர். கொரோனா நேரத்துல அந்த நிறுவனத்தோட தலைமை விஞ்ஞானியா டி.வி.யில தினமும் வந்த சௌம்யா சுவாமிநாதன் சென்னைக்காரர். ஆக, உச்சியில நம்மாளு இருந்திருக்காங்க. நடுவுலயும் அடியிலயும் நுழையற வழிதான் யாருக்கும் தெரியல.

ஐ.நா. வேலைன்னாலே யு.பி.எஸ்.சி. மாதிரி ஒரே பரீட்சை எழுதி உள்ள போறதுன்னு பாதிப் பேர் நினைக்கறாங்க. அப்படி இல்லை. இளம் தொழில்முறையாளர் திட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல பரீட்சை உண்டு, வயசு வரம்பு 32. ஆனா எந்தெந்த நாட்டுக்காரங்க எழுதலாம்னு வருஷத்துக்கு ஒரு பட்டியல் விடுவாங்க. பட்டியல்ல நம்ம நாடு இருக்கான்னு பார்க்காம "யு.என். எக்ஸாம் கோச்சிங்"னு லட்சம் கட்டாதீங்க.

மத்தபடி பெரும்பாலும் ஒவ்வொரு காலியிடத்துக்கும் தனித்தனி விளம்பரம், தனித்தனி விண்ணப்பம். சர்வதேசப் பதவிகளுக்கு 'பி' வரிசை. ஐ.நா. செயலகத்துல முதுகலைப் பட்டத்தோட பி-2-க்கு ரெண்டு வருஷ அனுபவம், பி-3-க்கு அஞ்சு, பி-4-க்கு ஏழு. இளங்கலைன்னா இன்னும் ரெண்டு வருஷம் கூடுதலா கேப்பாங்க. கோட்டு சூட்டு ஜெனீவா எல்லாம் இந்த வரிசைதான், போட்டியும் இங்கதான் கொலைவெறி.

யாரும் சொல்லாத கதவு இன்னொண்ணு இருக்கு. தேசிய அதிகாரிப் பதவி. இந்தியாவில் உள்ள அலுவலகத்துக்கு இந்தியக் குடிமக்களை மட்டுமே எடுப்பாங்க. உலகத்தோட போட்டி போட வேண்டாம். அதுக்குக் கீழே கணக்கு, நிர்வாகம், ஓட்டுநர் என்று உள்ளூர்ப் பணியாளர்கள். யுனிசெஃபுக்கு சென்னையில அலுவலகம் இருக்கு, தமிழ்நாடும் கேரளாவும் அவங்க பொறுப்பு. இலங்கை அகதிகள் விஷயமா யு.என்.ஹெச்.சி.ஆர். இங்க பல வருஷமா இயங்குது. தரமணியில உலக வங்கிக்கு ஒரு பெரிய அலுவலகமே இருக்குங்க! கணக்கு, நிதி, ஐ.டி. வேலை எல்லாம் அங்க நடக்குது. அந்த வழியா பஸ்ல போயிட்டு வர பி.காம். பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கேட்டுப் பாருங்க.

இப்ப என் துறைக்கு வரேன். "நீங்க வெறும் எம்.பி.பி.எஸ். தானே, அங்கெல்லாம் எப்படி?"ன்னு ஒரு கேள்வி வரும். இந்த 'வெறும்' நம்ம ஊர் வியாதி.

போலியோவை எடுத்துக்கோங்க. 1997-ல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ஒரு கண்காணிப்புத் திட்டம் ஆரம்பிச்சாங்க. அதோட முதுகெலும்பு யாரு? கண்காணிப்பு மருத்துவ அலுவலர்கள். நம்மள மாதிரி டாக்டர்கள்தான், ஜீப்புல மாவட்டம் மாவட்டமா சுத்தினாங்க. 15 வயசுக்குள்ள ஒரு குழந்தைக்குத் திடீர்னு கை கால் தளர்ந்தா உடனே தகவல் வரணும், 14 நாளுக்குள்ள, 24 மணி நேர இடைவெளி விட்டு ரெண்டு மல மாதிரி எடுக்கணும், குளிர் கெடாம லேபுக்குப் போகணும். இப்படி ஒவ்வொரு குழந்தையா துரத்தித் துரத்திப் பார்த்ததாலதான், 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்தது நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ கேஸ்னு உறுதியாச் சொல்ல முடிஞ்சது. 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைச்சது.

இந்த வேலையோட மறுமுனையில இருந்தது யாரு? ஆரம்ப சுகாதார நிலையத்து மெடிக்கல் ஆபீசர், கிராம சுகாதாரச் செவிலியர், ஹெல்த் இன்ஸ்பெக்டர். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது, நாட்டிலேயே முதல். பொது சுகாதாரத்துக்குன்னு தனித் துறை வச்சிருக்கோம். நம்ம மருந்துக் கொள்முதல் கழகத்தைப் பார்த்து மத்த மாநிலங்கள் கத்துக்கிட்டுப் போகுது. ஐ.நா. விளம்பரத்துல 'தேவையான அனுபவம்'னு கேக்கறதுல பாதியை நம்ம பி.ஹெச்.சி. டாக்டர் செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிச்சிடறார்.

ஆனா அதை எழுதத் தெரியாது. நான் பார்த்த பயோடேட்டாக்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கு: "பி.ஹெச்.சி.யில் மருத்துவ அலுவலர், 4 ஆண்டுகள்." முடிஞ்சது. அந்த நாலு வருஷத்துல ஒரு டெங்கு அலையைச் சமாளிச்சிருப்பார், தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வச்சுக் காப்பாத்தியிருப்பார், கரண்ட் போன ராத்திரி ஐஸ்பேக்கை மாத்தியிருப்பார், பஞ்சாயத்துத் தலைவரைக் கெஞ்சித் தண்ணித்தொட்டியைக் கழுவ வச்சிருப்பார். இதுல ஒண்ணு கூட பேப்பர்ல இருக்காது. அவங்க நேர்காணலே இதைத்தான் கேக்கும்: என்ன சூழல், உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, என்ன ஆச்சு. எத்தனை கிராமம், எத்தனை பேர், எத்தனை நாள்ல கட்டுப்பட்டுச்சு. "வீ மேனேஜ்டு" இல்லை, நீங்க என்ன பண்ணீங்க. இதைச் சொல்லித்தர ஒரு மதிய நேரம் போதும். எந்த மருத்துவக் கல்லூரியில அந்த ஒரு மதியம் ஒதுக்கியிருக்காங்க?

வேற நாடு என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஜெர்மனியில சர்வதேச அமைப்புகளுக்குப் போக நினைக்கிற தன் மக்களுக்கு வழிகாட்டவே அரசு வேலைவாய்ப்புத் துறைக்குள்ள ஒரு தனிப் பிரிவு இருக்கு. ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்துல இதுக்குன்னே ஒரு மையம். போதாததுக்கு, பணக்கார நாடுகள் தங்கள் இளைஞர்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்து ரெண்டு மூணு வருஷம் ஐ.நா. அமைப்புகளில் உட்கார வைக்குது. ஜூனியர் புரொஃபஷனல் ஆபீசர்னு பேர். அந்த அனுபவத்தோட அடுத்த விளம்பரத்துக்கு அவன் விண்ணப்பிக்கும்போது நீங்க வெளியில நின்னு "கடவுளே"ன்னு விண்ணப்பிக்கறீங்க. இது திறமைப் போட்டியா, சொல்லுங்க.

இன்டர்ன்ஷிப் கதை இன்னும் மோசம். 2015-ல் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லாத இன்டர்னா இருந்த ஒரு நியூசிலாந்து இளைஞர் வாடகை கொடுக்க முடியாம ஏரிக்கரையில டென்ட் போட்டுத் தங்கினார், உலகம் பூரா செய்தியாச்சு. நியூசிலாந்துக்காரனுக்கே அந்த நிலைமைன்னா கமுதிப் பிள்ளை என்ன பண்ணும்? அப்புறம் 2018-ல் உலக சுகாதார சபை தீர்மானம் போட்டு, 2022-க்குள்ள இன்டர்ன்களில் பாதிப் பேராவது ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் இருந்து வரணும்னு இலக்கு வச்சது. 2020-ல் இருந்து உதவித்தொகையும் உண்டு. ஆக உலக சுகாதார நிறுவனத்துக் கதவு கொஞ்சம் திறந்திருக்கு. படிச்சுக்கிட்டு இருக்கும்போதோ முடிச்ச கையோடயோ போடலாம். இது எத்தனை ஹவுஸ் சர்ஜனுக்குத் தெரியும்? எங்க வார்டுல கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. பிளாப் தேதி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

"அரசுக் காசுல படிச்ச டாக்டரை ஐ.நா.வுக்கு அனுப்பச் சொல்றியா? இங்க யார் பார்ப்பா?" நியாயமான கேள்வி, அதனால பதில் சொல்றேன். இங்கிலாந்து போறவர் பெரும்பாலும் திரும்பறதில்லை, அதை யாரும் தடுக்கவும் இல்லை. ஐ.நா. வேலை பெரும்பாலும் குறிப்பிட்ட கால ஒப்பந்தம். தேசியப் பதவின்னா நாட்டை விட்டே போறதில்லை, பீகார்லயோ ஒடிசாவிலயோ தடுப்பூசி வேலைதான். போயிட்டு வந்த ஒருத்தர் இங்க துணை இயக்குநரா உக்காந்தா நமக்கு நஷ்டமா? அரசுப் பணியில இருக்கிறவங்க தடையில்லாச் சான்று வாங்க ஃபைல் நகர்றதுக்குள்ள விளம்பரத்தோட கடைசித் தேதி போயிடுது. உண்மையான தடை இங்கதான் இருக்கு, அதைப் பத்திப் பேசுங்க.

இன்னொண்ணும் மறைக்க மாட்டேன். இப்ப காலம் நல்லா இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டு வெளியேறும்னு ட்ரம்ப் கையெழுத்துப் போட்டதும் பெரிய பணம் நின்னுபோச்சு, அந்த வருஷமே ஆட்குறைப்பு தொடங்கிடுச்சு. ஐ.நா. முழுக்க சிக்கனம். அதோட, "டபிள்யூ.ஹெச்.ஓ.ல இருக்கேன்"னு சொல்றவங்க எல்லாரும் நிரந்தர ஊழியர் இல்லை. பலர் ஆலோசகர் ஒப்பந்தம், சேவை ஒப்பந்தம். பென்ஷன் கிடையாது, ஒப்பந்தம் முடிஞ்சா வீடு. அதனால ஐ.நா.வை நம்பி அரசு வேலையை ராஜினாமா பண்ணாதீங்க. ஆனா இடம் குறையும்போதுதான் தகவல் உள்ளவன் ஜெயிப்பான், இல்லாதவன் ஏஜென்ட்கிட்ட போவான். இந்த வருஷம் அந்த 40,000 மெசேஜ் அதிகமா சுத்தறதுக்குக் காரணமும் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

நடுவுல ஒரு பொலம்பல். ஐ.நா.வோட ஆறு அலுவல் மொழிகளில் ஒண்ணு பிரெஞ்சு. ஆப்பிரிக்காவுல பாதி வேலைக்கு அது வேணும். நம்ம ஊர்ல பிளஸ் டூவில் தமிழை விட்டுட்டு மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் ஆயிரக்கணக்குல இருக்கு. 195 வாங்கினவங்ககிட்ட "தண்ணி எங்க கிடைக்கும்?"னு பிரெஞ்சுல கேக்கச் சொல்லுங்க, முழிப்பாங்க. தமிழும் போச்சு, பிரெஞ்சும் வரல. தனியார் பள்ளிகளில் கோட்டு போட்டு நடத்தற மாதிரி ஐ.நா. போட்டிகளும் இதே ரகம். அங்க தூதர் மாதிரி பேசக் கத்துத் தராங்க, விண்ணப்பம் போடக் கத்துத் தரதில்லை.

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. 1978-ல் இருந்து தமிழ்நாடு அரசுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. வளைகுடாவுக்கு நர்ஸ், டெக்னீஷியன் எல்லாம் அது வழியா போறாங்க, நல்ல வேலை செய்யுது. அதே ஆபீஸ்ல சர்வதேசப் பொது அமைப்புகளுக்குன்னு ஒரு மேசை, விவரம் தெரிஞ்ச ரெண்டு பேர், தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க. 'நான் முதல்வன்' தளத்துல இதுக்கும் ஒரு பாடம் சேருங்க. அரசு ஊழியருக்குத் தடையில்லாச் சான்றை இத்தனை நாளுக்குள்ள தரணும்னு ஒரு ஆணை. இந்த மூணுக்கும் ஆகற செலவு ஒரு மாநாட்டுப் பந்தல் செலவை விடக் குறைவு.

பணம் கட்டி ஏமாந்தவங்க: 1930-க்கு உடனே போன் பண்ணுங்க, சைபர் கிரைம் உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டு வீட்ல மறைக்காதீங்க.

கமென்ட்ல "சார் லிங்க் போடுங்க"ன்னு கேக்காதீங்க, வேணும்னே போடல. என் பேர்ல போலி லிங்க் சுத்தும், ஏற்கனவே தடுப்பூசி விஷயத்துல சுத்திருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட பக்கத்தை நீங்களே தேடித் திறந்து, வேலைவாய்ப்புப் பகுதியில இந்தியான்னு போட்டு, ஒரே ஒரு விளம்பரத்தை முழுசா படிங்க. புரியாத வரியை இங்க கேளுங்க. நாளைக்கு எனக்கு நைட் டூட்டி, நாளன்னைக்கு உக்காந்து ஒவ்வொண்ணா பதில் போடறேன்.