அவள் பெயரில் 115 கிலோமீட்டர்

விடுப்பு முடிந்து காலை நிகழ்ச்சிக்குத் திரும்பிய அன்று, அழைத்துப் பேசிய நேயர் ஒருவர் கேட்டார்: “ஸ்பெயினுக்குப் போய் கடைகண்ணி எதுவும் பார்க்காம, சும்மா நடந்துட்டா வந்தீங்க?” சிரித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். முப்பது விநாடியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா வட்டாரத்தில் இருக்கிறது சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா. ஏசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்குள்ள பேராலயத்தில் இருப்பதாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அங்கே நடந்துபோகிறார்கள். அந்தப் பாதைக்குக் ‘கமீனோ’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் ‘வழி’ என்று பொருள். பிரான்ஸ் எல்லையிலிருந்து நடந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால், குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்தாலே லத்தீன் மொழியில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதனால் ஏராளமானோர் 115 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாரியா என்ற ஊரில் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

நாங்கள் என்றால் நானும் என் 63 வயது அம்மாவும். போயிருக்க வேண்டியவள் என் தோழி.

பத்து ஆண்டுகள் ஒரே ஷிஃப்ட் எங்களுக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒலிப்பதிவுப் பலகையில் அவள். நான் ளகரத்தை விழுங்கினால் ஹெட்போனில் உடனே திட்டு விழும். வேகமாகப் பேசினால் “மூச்சு விடுடி” என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் பூசை முடித்துவிட்டு, நடைக்குக் கிளம்பிவிடுவாள். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதை, 2011இல் ரயில் நின்றபிறகு நடைபாதையான பழைய தண்டவாளத் தடம் எல்லாம் கமீனோவுக்கு அவள் வைத்துக்கொண்ட பயிற்சி. பாதிநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நாற்பது வயதில் போகலாம் என்று திட்டம். முப்பத்தேழில் புற்றுநோய் வந்தது. முப்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு அவள் இல்லை.

அவளுடைய குறிப்பேட்டை அவள் அம்மா என்னிடம் தந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இறந்தவருக்காகவோ, நோயால் வர இயலாதவருக்காகவோ இன்னொருவர் நடக்கலாம். சான்றிதழில் நடந்தவர் பெயரோடு ‘விக்காரியே ப்ரோ’ என்று போட்டு அந்த மற்றவர் பெயரையும் எழுதித் தருவார்கள். ‘இன்னாருக்குப் பதிலாக’ என்று பொருள். தன் அப்பாவுக்காக அப்படி வாங்க வேண்டும் என்று அவள் குறித்து வைத்திருந்தாள்.

நான் போகிறேன் என்றதும் வீட்டில் முதல் கேள்வி அம்மாவிடமிருந்துதான் வந்தது. “அவங்க சாமிக்கு நீ ஏன் நடக்கணும்?” எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. திருநீறு பூசிக்கொண்டு வளர்ந்தவள் அங்கே போய் எந்த உரிமையில் நிற்பது? இரண்டு நாள் கழித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா தானாகச் சொன்னார்: “உனக்கு ஏழு வயசுல டெங்கி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, பெரியம்மாதான் உனக்காகப் பால்குடம் எடுத்தாங்க. பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் வெறுங்கால்ல. நீயா நடந்த?” நான் பதில் சொல்வதற்குள், “டிக்கெட் எனக்கும் சேர்த்துப் போடு” என்றார்.

கணவரிடமும் ஆறு வயது மகளிடமும் வீட்டை ஒப்படைத்துவிட்டு மே மாதம் கிளம்பினோம். தோழியின் அம்மா எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் அவளுடைய நீல நிற மழைக்கோட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

அந்தக் கோட்டு இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம். கலீசியா பச்சைப்பசேல் என்று இருப்பதற்குக் காரணம் மழை. ஆறு நாளில் நான்கு நாள் பெய்தது. கல் சுவர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மாட்டுச் சாணி வாடை, ஊருக்கு ஊர் கல் தூண்களில் நிற்கும் நீளமான தானியக் குதிர்கள். எலி ஏறாமல் இருக்கத் தூணுக்கு மேல் தட்டைக்கல் வைக்கும் அந்த யுக்தியை அம்மா சுற்றிச்சுற்றிப் பார்த்தார். வழி தவற வாய்ப்பே இல்லை. மரத்தில், சுவரில், பாறையில் எல்லாம் மஞ்சள் அம்புக்குறி. எலியாஸ் வலீன்யா என்ற பாதிரியார் 1980களில் மஞ்சள் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தொடங்கி வைத்த வேலை அது.

எதிர்ப்படுவோரும் முந்திச் செல்வோரும் “புவென் கமீனோ” என்பார்கள், நல்வழி அமையட்டும் என்று. அம்மா கைகூப்பி “வணக்கம்” சொல்வார். மேட்டில் ஏறும்போது மட்டும் “அரோகரா”. மூன்றாம் நாள் ஓர் இத்தாலியக் குழு அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

முதல் நாள் இரவு தங்கிய போர்த்தோமரீன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960களில் அணை கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போய்விட்டது. தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மேட்டில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். சில கற்களில் எண் இன்னும் தெரிகிறது. அம்மா பிறந்த கம்பமும் இன்று இல்லை. கால்வலியோடு அங்கேயே வெகுநேரம் நின்றார். ஆனால் அன்று மாலை என் மனத்தில் ஓடியது வேறு. ஹெட்போன் இல்லாமலேயே, ஏற்றங்களில் எல்லாம் “மூச்சு விடுடி” கேட்டுக்கொண்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. கடைசி 100 கிலோமீட்டர் திருவிழாக் கூட்டம். 2024இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டு அலற நடப்பவர்களும் அதில் உண்டு. சைவம் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் ரொட்டியும்தான்; முட்டையும் ஆகாதென்றால் இன்னும் கஷ்டம். எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய். நடக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய பையை அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பிவிடலாம். ஒரு நாளுக்கு இரண்டு முத்திரையாவது யாத்திரை அட்டையில் குத்திக்கொள்ளுங்கள். சான்றிதழ் தருமுன் அதைத்தான் பார்ப்பார்கள்.

பேராலயத்தில் யாக்கோபின் சிலையைப் பின்னாலிருந்து கட்டிக்கொள்வது வழக்கம். அம்மா படியேறி, சிலையின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்றவர் அவசரப்படுத்தவில்லை.

யாத்திரிகர் அலுவலகத்தில் நடந்த காரணத்தைக் கேட்பார்கள்: சமயம், ஆன்மிகம், அல்லது வேறு. வேறு என்றால் சான்றிதழும் வேறு. நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “சாமி காரியம்னு போடு, இதுல என்ன யோசனை” என்றார் அம்மா. போட்டேன். பிறகு முகப்பில் இருந்த பெண்மணியிடம் ‘விக்காரியே ப்ரோ’ என்றேன். அவர் தாளை என் பக்கம் நகர்த்தி, பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதி முடித்ததும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கண் தெரியவில்லை.

ஊருக்கு வந்த வாரம் தோழியின் வீட்டுக்கு இருவரும் போனோம். சான்றிதழை வாங்கிய அவள் அம்மா, புரியாத லத்தீனுக்கு நடுவே மகளின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன்மேல் விரலை வைத்தபடி, “மழை பெஞ்சுச்சா கண்ணு?” என்று கேட்டார்.

“நாலு நாள், ஆன்ட்டி.”

“கோட்டு ஒழுகலையே?”

“இல்ல.”

கோட்டை நான் மடித்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் அம்மா பக்கம் திரும்பி, மூட்டுவலி உள்ளவர்கள் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டராகப் பிரித்து நடக்க முடியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தைலத்தின் பெயரிலிருந்து தொடங்கினார். நான் தேநீர் போட எழுந்தேன்.