ஒரே பனை, இரண்டு கரை



நாகப்பட்டினத்திலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையோ கடல்வழியே சுமார் 110 கிலோமீட்டர்தான். ஆனால் எது தூரம் என்று ஒரு சிறுதொழில்காரரைக் கேளுங்கள். காங்கேசன்துறை என்றுதான் சொல்வார்.

பனையை எடுத்துக்கொள்வோம். நம் பக்கம் பனங்கிழங்கைப் பெரும்பாலும் அவித்துத் தின்கிறோம். அங்கே அதைப் பிளந்து காயவைத்து ஒடியலாக்கி, மாவாக்கி, கூழ் காய்ச்சுகிறார்கள். பனைக்கென்றே ஓர் அபிவிருத்திச் சபையும் வைத்திருக்கிறார்கள். கருப்பட்டி, பனங்கற்கண்டு என்றால் நம் தூத்துக்குடி, ராமநாதபுரத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். இந்த இரண்டு கைப்பக்குவமும் சேர்ந்தால் புதுப் பண்டங்கள் பிறக்கும். ஏன் பிறக்கவில்லை?

இந்திய - இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறதே என்பீர்கள். அது கன்டெய்னரில் சரக்கு அனுப்புகிறவருக்கு உதவும். இருபது கிலோ ஒடியல் மாவைக் கொண்டுவந்து இங்கே விற்றுப் பார்க்க நினைக்கும் மகளிர் குழுவுக்கு? இறக்குமதி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், சுங்கப் பரிசோதனை. சரக்கு குறைவு என்பதற்காக இந்த அலைச்சல் குறைவதில்லை.

போக்குவரத்தும் அப்படித்தான். பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கியது. மழைக்காலம் என்று அதே மாதமே நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. அதன் பிறகும் இடைவெளி விழுந்தது.

புதிய பண்டம் எதுவும் முதல் தடவையே சரியாக வராது. செய்து பார்த்து, கெட்டுப்போய், மறுபடி போய்க் கேட்டு வர வேண்டும். நாலு தடவை போய்வர முடியாத இடத்தில் ஒப்பந்தம் இருந்து என்ன பயன்? பெரிய கம்பெனி ஆள் வைத்துச் சமாளிக்கும். சிறியவர் முதல் தடவையோடு விட்டுவிடுவார்.

கடத்தல் பயம் நியாயமானதுதான். அதற்காக நேர்வழியைச் சிக்கலாக்கினால் கஷ்டப்படுவது நேர்மையானவர்தான். பதிவு பெற்ற குழுக்களுக்குச் சிறு அளவுச் சரக்குக்கு எளிய விதி, ஒரு கரையின் பரிசோதனைச் சான்றை மறுகரை ஏற்பது, கப்பலில் சிறு சரக்குக்கு இடம் - இந்த மூன்றும் போதும், தொடங்கிவிடலாம்.

உங்களில் சுங்கத்திலும் ஏற்றுமதித் தொழிலிலும் இருப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் சொந்தம் உள்ளவர்களும் உண்டு. இதில் எது நடக்கும், எது நடக்காது என்று அனுபவத்திலிருந்து எழுதுங்கள். திரட்டி ஒரு மனுவாக அனுப்புவோம்.