ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

லேப்டாப் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது என்று கடைக்கு எடுத்துப்போனால் எங்கள் ஆரணியில் முதலில் காதில் விழுவது, "ஃபார்மட் போட்டுடலாம்" என்பதுதான். என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்பே இந்தப் பதில் வந்துவிடுகிறது. இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். முன்பெல்லாம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டைகள் ஜக்கார்டு பெட்டியில் ஏறி, எந்தக் கொக்கி எழும்ப வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும். இப்போது கட்டங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்புகிறோம். ஒரு முந்தியைத் திருத்தித் திருத்தி முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். முள்ளிப்பட்டிலும் சேவூரிலும் தறி வைத்திருப்பவர்கள் பழைய டிசைனை மறுபடி கேட்டு வருவார்கள். அவை எல்லாம் என் லேப்டாப்பில்தான் இருக்கின்றன.

சென்ற கத்திரி வெயிலில் அது நிற்க ஆரம்பித்தது. கடைப் பையன் இரண்டு நிமிடம் பார்த்தான். "விண்டோஸ் போயிடுச்சுக்கா. ஃபார்மட் போட்டா புதுசு மாதிரி ஓடும்." உள்ளே இருக்கும் டிசைன்கள் என்னாகும் என்று கேட்டேன். "டி டிரைவ்ல இருந்தா இருக்கும்க்கா." மூடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் வேறு வழி சொல்லித் தரவில்லை.

நெசவில் கோளாறு தேடுவதற்கு ஒரு முறை உண்டு. புட்டா திரும்பி வரும்போதெல்லாம் அதே இடத்தில் பிசகினால், தப்பு அட்டையில் இருக்கிறது. சேலையின் நீளத்துக்கும் கோடு போல ஓடினால், கொக்கியிலோ அதன் கயிற்றிலோ இருக்கிறது. பிசகு எப்போது வருகிறது, எப்படித் திரும்புகிறது என்பதை வைத்தே கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். லேப்டாப்பையும் இந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் அணுக வேண்டும்.

கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறிய பிறகு நிற்கிறதா? ஃபேன் இரைகிறதா? அணைத்து ஆறவிட்டால் சரியாகிறதா? அப்படியென்றால் காற்றுப் போகும் வழியில் தூசி அடைத்திருக்கும், அல்லது பிராசஸர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும். தறி ஓடும் வீடுகளில் நூல் பிசிறு பறந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர் லேப்டாப்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிரௌசரில் நிறையப் பக்கங்கள் திறந்தால் மட்டும் நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், பலர் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள். அதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டே சொல்லும் கணக்கு. அந்த 4 ஜிபி வைத்து டிசைன் மென்பொருளையும் பிரௌசரையும் சேர்த்து ஓட்டினால் திணறத்தான் செய்யும்.

எனக்கு வந்தது ஹார்டு டிஸ்க் கோளாறு. மௌஸ் நகரும், எதுவும் திறக்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், ஒன்றுமே ஓடாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. அதில் ஓர் இடம் கெட்டுப்போனால், அங்கே எழுதியதைப் படிக்கத் திரும்பத் திரும்ப முயலும். அது முடியும்வரை மற்ற வேலையெல்லாம் காத்து நிற்கிறது. நாம் 'ஹேங் ஆயிடுச்சு' என்கிறோம்.

ஃபார்மட் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். கடையில் போடுவது பெரும்பாலும் குவிக் ஃபார்மட். அது புதிதாக ஓர் அட்டவணை எழுதுகிறதே தவிர, தட்டில் கெட்ட இடத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. விண்டோஸ் புதிதாக வேறு இடத்தில் உட்காருவதால் சில வாரம் நன்றாக ஓடும். பிறகு அதே கதை, அதே ஃபார்மட், மறுபடி கூலி. இதற்குள் கோப்புகள் போயிருக்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைப் படித்து, கெட்ட இடங்கள் எத்தனை என்று காட்டிவிடும். டிசைன்களை எல்லாம் வெளி டிரைவில் நகல் எடுத்த பிறகே அதை ஓட்டினேன். எச்சரிக்கை வந்தது. டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன். லேப்டாப் அதேதான், இன்றும் ஓடுகிறது.

இது என் ஒருத்தியின் பிரச்சினை என்றால் பத்திரிகைக்கு எழுத மாட்டேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழகத்தில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் லேப்டாப் வாங்கிய பிள்ளைகளின் வீடுகளில், எங்கள் தெருவிலேயே, பரண் மேல் கிடக்கும் லேப்டாப்களை எனக்குத் தெரியும். பல முழுதாகச் செத்தவை அல்ல. டிஸ்க் போனவை, தூசி அடைத்தவை. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கம்ப்யூட்டர் தருவதாக அரசு அறிவித்தது. கொடுக்கட்டும், வரவேற்கிறேன். பழுதானால் எங்கே போவது என்பதையும் அதே கையோடு சொல்ல வேண்டும். ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் லேப்டாப்பே ஓடாத மாணவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை ஆரணி நகருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, கொண்டுவரும் லேப்டாப்களைச் சோதித்து, காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். பழுதுபார்ப்பது கடைக்காரரின் வேலையாகவே இருக்கட்டும், அவருடைய பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். கடைகளும் பில்லில் இரண்டு வரி சேர்க்கட்டும்: என்ன கோளாறு, கோப்புகள் நகல் எடுக்கப்பட்டனவா. அந்த இரண்டாவது வரியில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஃபார்மட்.