டாக்டருக்கே மனசு சரியில்லை என்றால்...

எங்கள் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரி என்பதும் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். "ஊருக்கா அக்கா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு மட்டும் பதிலாக வரும். ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. நான்கு மணி நேரம் பயணம் செய்து, வேறு மாவட்டத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவாராம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

இத்தனைக்கும் எங்கள் ஹாஸ்டலிலிருந்து சைக்கியாட்ரி ஓ.பி.க்கு நடந்தே போய்விடலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

"ஏன்க்கா, இங்கேயே காட்டலாமே?" என்று கேட்டேன்.

"வீட்ல மாப்பிள்ளை பார்க்கறாங்கடி. ஜாதகத்தோட ஓ.பி. சீட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்றியா?" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதை யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

மனநோய் என்றால் மக்கள் ஒதுக்குகிறார்களே, ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "அறியாமை. விழிப்புணர்வு வந்தால் சரியாகிவிடும்." நானும் பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லிப் பரிசு வாங்கியவள்தான். ஆனால் அந்த அக்காவுக்கு என்ன அறியாமை? மன அழுத்த நோய் எப்படி வருகிறது, எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று எல்லாம் படித்தவர். எனக்குப் பாடமே சொல்லிக் கொடுத்தவர். அறிவு இருந்தும் பயம் போகவில்லையே!

சரி, வார்டுக்குள் போய்ப் பார்ப்போம். நோயாளி நெஞ்சுவலி என்று வருகிறார். கேஸ் ஷீட்டில் பழைய சைக்கியாட்ரி மாத்திரைகளின் பெயர் இருக்கிறது. உடனே யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "ஃபங்ஷனல்பா." மருத்துவம் படிப்பவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். 'இவருக்கு ஒன்றுமில்லை, சும்மா படுத்துகிறார்' என்பதன் நாகரிகமான வடிவம் அது. வெளியே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டல் செய்பவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம், நம்முடையது ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான். 1794ல் தொடங்கி இன்று வரை எத்தனையோ ஆயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்த ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே வசவுச் சொல்லாக்கிய சமூகம் நம்முடையது. வெள்ளைக் கோட்டு போட்டவுடன் அந்தச் சமூகம் நம்மை விட்டுப் போய்விடுமா என்ன?

என் கருத்து இதுதான். மனநோயைப் பற்றிய கூச்சம் எல்லா நாட்டு மருத்துவர்களிடமும் இருக்கிறது. ஆனால் 'இது வெளியே தெரிந்தால் நான் எதை இழப்பேன்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாட்டுக் கலாசாரமும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலைக் கண்டுபிடிக்காமல் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் பயன் இல்லை. இரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

முதலில் ஜப்பான். அங்கே மனநோய் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தின் மானப் பிரச்சினை. மனநோயாளியை வீட்டிலேயே அடைத்து வைக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டிய சட்டம் 1900ல் வந்து 1950 வரை இருந்தது. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அவர்கள் வைத்திருந்த பழைய பெயருக்கு 'மனம் பிளவுபட்ட நோய்' என்று அர்த்தம். அந்தப் பெயரை நோயாளியிடம் உச்சரிக்கவே பெரும்பாலான டாக்டர்கள் தயங்கினார்கள். நோயாளிகளின் குடும்பத்தினர் அமைப்பு 1993ல் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டது. மனநல மருத்துவர்கள் சங்கம் 2002ல் மாற்றியது. புதுப் பெயருக்கு 'ஒருங்கிணைப்புக் கோளாறு' என்பதுபோல் பொருள். அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். நோயின் பெயர் நோயாளிக்குச் சொல்லப்பட்டது 36.7 சதவீதமாக இருந்தது, 2004ல் 69.7 சதவீதம் ஆகிவிட்டது!

கவனியுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் டாக்டர்களின் அறிவு இரண்டு மடங்கு ஆகிவிடவில்லை. வாயைக் கட்டிப்போட்டிருந்த ஒரு சொல் போனது, அவ்வளவுதான். 2011ல் தென்கொரியாவும் பெயரை மாற்றியது. இசைக்கருவியின் தந்தியைச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். கேட்கவே எவ்வளவு இதமாக இருக்கிறது! நாம் இன்னும் 'மனச்சிதைவு' என்றுதான் எழுதிக் கொண்டிருக்கிறோம். சிதைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, "கவலைப்படாதீங்க, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்து அமெரிக்கா. அங்கே தனி மனிதன்தான் எல்லாம். தன் காலில் நிற்பவனுக்குத்தான் மரியாதை. எனவே அங்குள்ள மருத்துவரின் பயம் குடும்பத்தைப் பற்றியது அல்ல, லைசென்ஸைப் பற்றியது. பல மாநிலங்களில் மருத்துவராகப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலேயே 'உங்களுக்கு எப்போதாவது மனநோய் இருந்ததா, சிகிச்சை பெற்றீர்களா' என்ற வகையில் கேள்விகள் இருந்தன. இப்படிக் கேட்க வேண்டாம் என்று மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018ல் பரிந்துரைத்தது. எல்லோரும் உடனே கேட்டுவிடவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவின் முதல் அலையில், நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் லோர்னா பிரீன் தற்கொலை செய்து கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடுமோ என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே 2022 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. விழிப்புணர்வுக்குப் பஞ்சமில்லாத நாடு! அங்கேயும் இந்தக் கதைதான்.

இப்போது நம் ஊர். நம் பயம் லைசென்ஸ் அல்ல, கல்யாணம். தனக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. 'அக்காவுக்கு இப்படியாம்' என்றால் தங்கைக்கும் வரன் வராது. இது வெறும் கற்பனை பயமா என்றால் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். திருமணத்துக்கான தகுதியிலும், விவாகரத்துக்கான காரணங்களிலும் மனக்கோளாறு இடம் பெற்றிருக்கிறது. தீவிரமான நிலையைத்தான் சட்டம் சொல்கிறது. ஆனால் பெண் பார்க்க வருபவர்கள் அளவுகோலா எடுத்து வருகிறார்கள்? விவாகரத்துக்கான காரணங்களில் தொழுநோயும் இருந்தது. 2019ல் அதை நீக்கிவிட்டார்கள். மனக்கோளாறு அப்படியே இருக்கிறது.

இதன் விளைவு என்ன? 2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஓர் அறிக்கை தந்தது. ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன 25,590 இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதுநிலை மாணவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் எங்கள் லெக்சர் ஹாலை மனதில் நினைத்துப் பார்க்கிறேன். கிட்டத்தட்ட இருபத்தெட்டு பேர். ஆனால் சொன்னவர் ஒருவரும் இல்லை!

"எல்லாவற்றுக்கும் கலாசாரத்தைக் குறை சொல்கிறாயே" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். குடும்பம் என்பது நம்மிடம் சுமை மட்டும் அல்ல. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும், ஓ.பி. வரிசையில் கூடவே நிற்பதும் அதே குடும்பம்தான். கலாசாரம் கல்வெட்டும் அல்ல. ஒரு பெயரை மாற்றி ஜப்பான் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்தோமே. அங்கே ஒதுக்குதல் முழுவதும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரும் நோயாளியும் ஒரே வார்த்தையைப் பேச ஆரம்பித்தார்கள். அது சின்ன விஷயமா?

எனவே நம் ஊருக்கு என்ன மருந்து? இங்கிலாந்தில் 2008ல் லண்டனில் மருத்துவர்களுக்கென்றே ரகசியம் காக்கும் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார்கள். யாருடைய சிபாரிசுக் கடிதமும் இல்லாமல் தானே போய்ச் சேரலாம். அதுபோல் நம் மருத்துவ, நர்சிங் கல்லூரி மாணவர்களுக்கு, சொந்தக் கல்லூரிக்கு வெளியே, நம் பேராசிரியரும் நம் பேட்ச் பையன்களும் இல்லாத இடத்தில் ஒரு ஓ.பி. வேண்டும். இரண்டாவது, தொழுநோய்க்குச் செய்ததுபோல் திருமணச் சட்டத்தின் அந்த வரிகளையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மூன்றாவதற்கு அரசாங்கம் வேண்டாம், நாம் போதும். அடுத்த முறை வார்டில் யாராவது "ஃபங்ஷனல்" என்று சிரித்தால் கூடச் சிரிக்காமல் இருப்போம். பக்கத்தில் நிற்கும் நண்பனின் பையில் ஒரு வைட்டமின் டப்பா இருக்கலாம்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்போதே பேச வேண்டும்போல் இருந்தால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

அந்த அக்கா இப்போது டாக்டராக வேலை பார்க்கிறார், நன்றாக இருக்கிறார். கல்யாணமும் ஆகிவிட்டது. கணவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?